கிழமைக்கு எத்தனை மணித்தியாலம்?

ஹரோ
9 ஜூன் 2024

அன்பின் ஆரணி,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டும் வாசிக்க முடியவில்லை. பிறகு மாமிதான் ஐபாட்டில் பெரிதாக்கிக் காட்டினா. அம்மா வேலை போனதும் போட்ட காப்புறுதிக் கோரிக்கையை மறுத்து வந்த கடிதம். காரணம் ஒரே ஒரு வரி. பொலிசி தொடங்கிய நாளில் அவ கிழமைக்கு 16 மணித்தியாலத்துக்குக் குறைவாக வேலை செய்தாவாம், அதனால் வேலையிழப்புக் காப்பு அவவுக்குப் பொருந்தாதாம். கீழே நீ எழுதியிருந்தாய்: "எல்லாம் முடிஞ்சுது மாமா. பி.பி.ஐ. கதை 2019ஓட சரி எண்டு எல்லாரும் சொல்லுகினம்."

முடியவில்லை. கடிதத்தை உறையோடு பத்திரப்படுத்து. அம்மாவிடம் இருக்கிற கடதாசிகளில் இப்போது பெறுமதியானது அதுதான்.

பி.பி.ஐ. என்கிற கடன் தவணைக் காப்புறுதியின் கதையை அறிந்திருக்க உனக்கு வயதில்லை. வீட்டுக் கடனோ வேறு கடனோ வாங்கியவர் விபத்திலோ நோயிலோ படுத்தால், வேலை போனால், மாதத் தவணையை ஒரு காலத்துக்கு, பெரும்பாலும் 12 மாதத்துக்கு, காப்புறுதி நிறுவனம் கட்டும். இதுதான் பொருள். பொருளில் நான் குறை சொல்ல மாட்டேன். நோயாளியாகி வீட்டை இழந்தவர்களை இந்த ஊரிலேயே எனக்குத் தெரியும். பிழை விற்ற விதத்தில். 1990 முதல் 2010 வரை பிரித்தானியாவில் ஏறக்குறைய 64 மில்லியன் பொலிசிகளை விற்றார்கள். அப்போது இந்த நாட்டின் சனத்தொகையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். கடனில் கிடைக்கிற இலாபத்தைவிடக் காப்புறுதிக் கொமிஷன் இனித்த காலம் அது. சுயதொழில்காரர், ஓய்வூதியர், பகுதிநேர வேலைக்காரர், ஏற்கெனவே முதுகுவலிக்கு மருந்து எடுப்பவர் என்று கோரிக்கை வைக்கவே முடியாதவர்களிடமெல்லாம் மாதாமாதம் காசு வாங்கினார்கள்.

சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு 2005இல் இதை ஒரு பெரும் முறைப்பாடாகக் கொண்டுபோனது. நிதி மேற்பார்வை அதிகாரசபை கடுமையான விதி போட்டதும் வங்கியாளர் சங்கம் நீதிமன்றம் ஏறியது. 2011 ஏப்ரல் 20இல் தோற்றது. அதற்குப் பிறகு விற்றவர்கள் திருப்பிக் கொடுத்த தொகை 38 பில்லியன் பவுணுக்கு மேல். முறைப்பாடு செய்ய 2019 ஆகஸ்ட் 29தான் கடைசி நாள் என்று அறிவிக்க, நடிகர் ஆர்னல்ட் ஷ்வார்ஸ்நெக்கரின் தலையை இயந்திரத்தில் செய்து தொலைக்காட்சியில் கத்தவிட்டார்கள். நீ அப்போது பாடசாலையில். அந்தத் தலையைப் பார்த்துச் சிரித்திருப்பாய்.

என்னுடைய கதையையும் கேள். 1999 மார்ச்சில் இந்த வீட்டை வாங்கினோம். நான் அப்போது மினிகாப் ஓடினேன். வங்கிப் பெயர் வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெடியன் நல்ல பெடியன், தேத்தண்ணி எல்லாம் தந்தான். பத்திரங்களை என் பக்கம் திருப்பி, கையெழுத்து வைக்கவேண்டிய இடமெல்லாம் பென்சிலால் சின்னப் புள்ளடி போட்டிருந்தான். "இதில ஒண்டு, இதில ஒண்டு." ஆறாவது புள்ளடி காப்புறுதி. இது என்ன என்று கேட்டேன். எல்லோரும் எடுக்கிறதுதான், இது இருந்தால் கடன் சுகமாகப் பாஸாகும் என்றான். மாதம் 27 பவுண். ஒன்பது வருடம் கட்டினேன்.

2010 கடைசியில் முதல் முறைப்பாட்டை எழுதினேன். நாலு பக்கம். இரவு வேலை, பனி, மூத்தவனின் ஆஸ்துமா, நாட்டில் நடந்தது எல்லாம் அதில் இருந்தது. மாமி வாசித்துவிட்டு, "இதில அவங்கள் செய்த பிழை எந்தப் பக்கத்தில இருக்கு?" என்று கேட்டா. இருக்கவில்லை. மேசை லாச்சியைக் கிளறினேன். கடன் விண்ணப்பத்தின் பிரதி கிடைத்தது. இரண்டாம் பக்கத்தில் 'சுயதொழில்' என்று அந்தப் பெடியனின் கையெழுத்திலேயே இருந்தது. சுயதொழில்காரர் தொழிலை ஒரேயடியாக மூடினால் ஒழிய வேலையிழப்புக்குக் கோரிக்கை வைக்க முடியாது என்று பொலிசிப் புத்தகத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. ஒரே பேனை, ஒரே மேசை. அவனுக்கு நான் யார் என்று தெரியும்; எனக்குத்தான் அவன் விற்றது என்ன என்று தெரியாது. நாலு பக்கத்தைக் கிழித்துவிட்டு அரைப் பக்கம் எழுதினேன். வங்கி, நீதிமன்ற வழக்கு நடக்கிறது, பொறு என்றது. வழக்குத் தோற்ற பிறகு முடியாது என்றது. வங்கிகள் மீதான முறைப்பாடுகளைத் தீர்க்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் போனேன். 2012 முடிகிற நேரம் கட்டிய 2,916 பவுணும் வட்டியும் வந்தது.

இனி அம்மாவின் விசயம். கெடு முடிந்தது உண்மை. ஆனால் கெடு வைத்தபோதே ஒரு கதவைத் திறந்து விட்டிருக்கிறார்கள். பொலிசி இன்னும் உயிரோடு இருந்து, கெடுவுக்குப் பிறகு கோரிக்கை வைத்து, 'உங்களுக்குத் தகுதி இல்லை' என்று மறுக்கப்பட்டால், அந்தப் பொலிசி விற்கப்பட்ட விதத்தைப் பற்றி இன்றைக்கும் முறைப்பாடு செய்யலாம். தகுதி இல்லாதது கோரிக்கை வைக்கும்போதுதானே தெரியவரும்? அம்மா பொலிசி எடுத்த 2006 ஜூனில் பாடசாலைச் சமையலறையில் கிழமைக்கு 15 மணித்தியாலம் வேலை செய்தா. விற்றவர் கேட்டிருக்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: கிழமைக்கு எத்தனை மணித்தியாலம்? கேட்டிருந்தால் அன்றைக்கே விற்றிருக்க முடியாது. அவவுக்குத் தகுதி இல்லை என்பதை நீ நிரூபிக்கத் தேவையில்லை. காப்புறுதிக்காரரே கையெழுத்து வைத்துத் தந்துவிட்டார்.

முறைப்பாடு விற்றவருக்குப் போகவேண்டும். கோரிக்கையை மறுத்தது காப்புறுதி நிறுவனம், விற்றது கடன் கொடுத்த வங்கி. இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் தவறான வாசலில் மாதக்கணக்காக நிற்பார்கள். வங்கிக்கு எழுதும்போதே 2006ஆம் ஆண்டுக் கடன் விண்ணப்பத்தின் பிரதியையும் கேள். தன்னைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் பதிவுகளைக் கேட்க எவருக்கும் உரிமை உண்டு, காசில்லை, ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். அதில் 'பகுதிநேரம்' என்று இருந்தால் எனக்கு விற்ற பெடியனின் கதைதான் மறுபடி.

கடிதத்தில் அம்மாவுக்கு நினைவிருப்பதை மட்டும் எழுது. கிளையிலா, தொலைபேசியிலா? "இதை எடுங்கோ, உங்களுக்கு நல்லது" என்று சொன்னார்களா, விபரத்தை மட்டும் தந்து விட்டார்களா? இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. எடுக்கச் சொன்னவர் அது அவவுக்குப் பொருந்துமா என்று பார்த்துத்தான் சொல்லியிருக்கவேண்டும். விபரம் மட்டும் தந்தவரும் 16 மணித்தியால நிபந்தனையைப் பளிச்சென்று காட்டியிருக்கவேண்டும். நினைவில்லாததை நினைவில்லை என்று எழுது. ஒரு காலத்தில் முறைப்பாட்டுக் கொம்பனிகள் எல்லாப் பெட்டியிலும் சரி போட்ட ஒரே மாதிரிக் கடிதங்களை வண்டி வண்டியாக அனுப்பின. அது உதவியதைவிடக் கெடுத்தது அதிகம். அப்படி யாராவது ஃபோன் எடுத்தால் வைத்துவிடு. கிடைக்கிற காசில் ஐந்தில் ஒரு பங்கையும், அதற்கு மேல் வற் வரியையும் எடுப்பார்கள். ஒம்புட்ஸ்மன் செய்கிற வேலைக்கு ஒரு சதமும் கேட்பதில்லை.

வங்கிக்கு எட்டுக் கிழமை அவகாசம். அதற்குள் இறுதிப் பதில் வரவேண்டும். வந்த பதில் பிடிக்காவிட்டால், அந்தத் திகதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒம்புட்ஸ்மனுக்குப் போகவேண்டும். இந்த ஆறு மாதத்தை நாட்காட்டியில் சிவப்பால் எழுது. 'நல்லெண்ண அடிப்படையில்' ஒரு சின்னத் தொகை தருகிறோம் என்று எழுதுவார்கள். அவசரப்பட்டுச் சரி சொல்லாதே, முதலில் கணக்குப் பார். மாதம் 19 பவுண், போன மாதம் வரை 216 மாதம், 4,104 பவுண். 2024 நிலவரப்படி, ஒவ்வொரு தவணைக்கும் கட்டிய நாளிலிருந்து வருடம் 8 வீதம் தனிவட்டி. 2006 ஜூனில் கட்டிய முதல் 19 பவுணுக்கு மட்டும் வட்டி 27 பவுண் 36 பென்ஸ் ஆகிறது, முதலைவிட வட்டி பெரிது. வட்டியில் 20 வீத வரியைக் கழித்துத்தான் தருவார்கள். அம்மாவுக்கு இந்த வருடம் வருமானம் குறைவு என்றபடியால் வரித் திணைக்களத்தின் ஆர்40 படிவத்தில் அந்த வரியைத் திருப்பிக் கேட்கலாம்.

யாராவது 'பிளெவின்' என்று சொல்லிக் குழப்பினால், 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கொமிஷன் வழக்கு அது. காப்புறுதிக் கட்டணத்தில் 71.8 வீதம் கொமிஷனாகப் போனதை மறைத்தது நியாயமில்லை என்றார்கள். நல்ல தீர்ப்பு, ஆனால் அது நிற்கும் சட்டப் பிரிவு அம்மாவினது மாதிரியான வீட்டுக் கடனைத் தொடாது. விட்டுவிடு.

வங்கியோடு கொழுவினால் வீட்டைப் பறிப்பார்களோ என்று அம்மா கேட்டாவாம். இல்லை என்று சொல். கடன் வேறு, காப்புறுதி வேறு. ஆனால் முறைப்பாடு போட்டாயிற்று என்று தவணையை நிறுத்திவிடவும் கூடாது. பாக்கி விழுந்தால் வருகிற காசை அதில் கழித்துக்கொள்வார்கள். வேலை போனதை வங்கியின் கடன் பிரிவுக்குத் தனியாகச் சொல்லி, தவணையைக் குறைக்க வழி கேள்.

சனிக்கிழமை வா. அரைப் பக்கத்துக்கு மேல் எழுதிக்கொண்டு வராதே, மாமி வாசிப்பா. அனுப்பமுன் அம்மாவை இருத்தி வைத்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டு. எவ்வளவு நேரம் எடுத்தாலும் பரவாயில்லை. கையெழுத்து வைக்கிற இடத்தில் பென்சிலால் புள்ளடி மட்டும் போட்டுக் கொடுக்காதே.

அன்புடன்,
மாமா