‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால்

ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ் ஏறினால் ஒரு பக்கம் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் தாண்டி ஓ.எம்.ஆர். கம்பெனிகள். மறுபக்கம் தாம்பரம், 1984-இல் வந்த மெப்ஸ் ஏற்றுமதி வளாகம். நம் தெருப் பிள்ளைகள் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் இண்டர்வியூவுக்குப் போவதைத் தினமும் பார்க்கிறேன். ஆள் எடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் பல வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். முதல் கேள்வியிலேயே தடுமாறிப் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் சொல்கிறேன்.

1. பயோடேட்டாவை ஒப்பிக்காதீர்கள். பெயர், ஊர், அப்பா வேலை, அம்மா இல்லத்தரசி, பத்தாவது மார்க், பன்னிரண்டாவது மார்க், பாட்டுக் கேட்பது பொழுதுபோக்கு. காலையிலிருந்து இதையே கேட்டவருக்கு நாலாவது ஆள் வரும்போது காது அடைத்துவிடும். மார்க் தாளிலேயே இருக்கிறது. தாளில் இல்லாத உங்களைத்தான் அவர் கேட்கிறார்.

2. ‘மைசெல்ஃப்’ என்று ஆரம்பிக்க வேண்டாம். ‘ஐ ஆம்’ போதும்.

3. செய்த வேலை ஒன்றைச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்.

பக்கத்துக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தவர் அப்துல் கலாம். படிப்பு முடிந்து 1958-இல் விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனார். வந்தவர்கள் 25 பேர், எடுத்தது 8 பேரை. கலாம் ஒன்பதாவது. மனம் உடைந்து ரிஷிகேஷுக்குப் போய்விட்டுத்தான் திரும்பினார். பின்பு மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் ராணுவத் தொழில்நுட்பத் துறையில் சேர்ந்தார். பெங்களூரில் ‘நந்தி’ என்ற ஹோவர்கிராஃப்டைச் செய்தார். அதைப் பார்க்க வந்த விஞ்ஞானி எம்.ஜி.கே. மேனன் கேள்விமேல் கேள்வி கேட்டார், பத்து நிமிஷம் ஏறிச் சுற்றியும் பார்த்தார். ஒரு வாரத்தில் விண்வெளி ஆராய்ச்சிக் குழுவிலிருந்து இண்டர்வியூவுக்கு அழைப்பு. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் விக்ரம் சாராபாய் ஒருவர், அதே மேனன் இன்னொருவர். கலாம் வாய் திறக்குமுன்பே அவர் செய்த வண்டி அவரைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தது.

நமக்கு ஹோவர்கிராஃப்ட் வேண்டாம். டிப்ளமோ எலெக்ட்ரிகல் படித்த பெண் ஒருத்தி இப்படிச் சொன்னால் போதும்: “வீட்டில் தோசை மாவு அரைத்து விற்கிறோம். ஒருநாள் கிரைண்டர் ஓடாமல் உறுமிக்கொண்டே நின்றது. கெபாசிட்டர் போயிருந்தது, நானே வாங்கி மாற்றினேன்.” எதிரே இருப்பவர் அடுத்து என்ன கேட்பார்? கெபாசிட்டர்தான் போயிற்று என்று எப்படித் தெரிந்தது என்பார். அதற்குப் பதில் அவளிடம் இருக்கிறது. அறிமுகம் இப்படி உங்களுக்குத் தெரிந்த இடத்துக்கே அடுத்த கேள்வியைக் கூட்டி வர வேண்டும்.

4. இப்போது என்ன செய்கிறேன், இதுவரை என்ன செய்தேன், இந்த வேலை ஏன் வேண்டும். இந்த வரிசை நல்லது. ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் போகாதீர்கள்.

5. சீக்கிரம் கற்றுக்கொள்வேன், கடுமையாக உழைப்பேன் என்று நீங்களே சான்றிதழ் கொடுத்துக்கொள்ளாதீர்கள். கிரைண்டர் கதையைக் கேட்டவர் அதைத் தானாகவே எழுதிக்கொள்வார்.

6. முதல் வாக்கியம் நாக்கில் பழகியிருக்கட்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பையன் முதல் ஆங்கில வரியிலேயே திக்கினான். நான் அவன் தாளை மூடி வைத்துவிட்டேன். சாயங்காலம் தாள்களை அடுக்கும்போதுதான் பார்த்தேன், மூன்று வருஷம் இரவில் லேத் ஓட்டிக்கொண்டே பகலில் படித்தவன். நாங்கள் தேடியது அப்படி ஒருவனைத்தான். அதற்குள் இடம் நிரம்பிவிட்டது. தவறு என்னுடையது, இன்றும் அது உறுத்துகிறது. ஆனால் என்னைப்போல் அவசரப்படுகிறவர்கள் எல்லா மேசையிலும் இருக்கிறார்கள். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். தடுமாறினால் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி தொடங்குங்கள். தமிழில் சொல்லலாமா என்று கேட்பதில் ஒரு குறைவும் இல்லை.

7. அரியர் இருந்ததா, நடுவில் ஒரு வருஷம் போயிற்றா? கேட்டால் ஒரே வரியில் உண்மையைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு சமாதானம் அடுக்க வேண்டாம்.

8. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார் என்பதை மறைக்கவும் வேண்டாம், இரக்கத்துக்காகச் சொல்லவும் வேண்டாம்.

9. மனப்பாடம் செய்யாதீர்கள். போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். எங்கே வேகமெடுக்கிறீர்கள் என்று உங்களுக்கே கேட்கும்.

10. கேம்ப் ரோடு நெரிசலை நம்பாதீர்கள். அரை மணி முன்னதாகவே கிளம்புங்கள். வியர்வை அடங்கி, தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போனால் குரல் நடுங்காது.

வரும் வாரம் இண்டர்வியூ இருக்கிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள். திண்ணையில் இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறேன். நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள்.