விடிய விடியச் சிரிக்க வைப்பவர்

கேள்வி: ஸ்டாண்ட்-அப் காமெடியன்கள் ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி நடத்துகிறார்களே, எங்கள் செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் முன்பு அப்படி யாராவது உண்டா?
– வாசகர், திருக்கழுக்குன்றம்

பதில்: முன்பு என்ன, இன்றும் உண்டு. தெருக்கூத்தின் கட்டியங்காரன்தான் அவர். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் கோடை மாதங்களில் அவருக்கு வீட்டில் தங்க நேரமிருக்காது. இரவு முழுக்க ஆட்டம். விடிந்ததும் அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, ஆர்மோனியம், மிருதங்கம், வேஷப் பெட்டிகளோடு வேனில் ஏறி அடுத்த ஊர். தூக்கமெல்லாம் பகலில்தான்.

திரைக்குப் பின்னால் துரியோதனன் நிற்பான். ‘யாரய்யா நீ, எந்த ஊரு?’ என்று குடைந்து குடைந்தே அவனைச் சபைக்கு அறிமுகம் செய்வார் கட்டியங்காரன். ராஜா பாட்டாகப் பாடுவார். இவர் பேச்சுத் தமிழில் அந்த ஊர்க் குடிதண்ணீர்ப் பிரச்சினையை அஸ்தினாபுரத்துக்குள் இழுத்துவிடுவார். அவர் பேசுவது பெரும்பாலும் அந்த நேரத்தில் தோன்றுவதுதான். கூத்தில் கடினமான வேஷம் இதுதான் என்பேன்.

நீங்கள் சொல்லும் ஸ்டாண்ட்-அப் காமெடியன்களில் ஒருவரான அலெக்ஸாண்டர் பாபுவின் ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ 2019இல் அமேசான் பிரைமில் வந்தது. பாட்டும் சிரிப்புமாக அருமையான நிகழ்ச்சி. ஆனால் டிக்கெட் வாங்கி வருபவர்கள் சிரிக்கத் தயாராகவே வருகிறார்கள். கட்டியங்காரனோ, அதிகாலை மூன்று மணிக்குப் பாயில் சுருண்டு கிடப்பவர்களையும் எழுப்பிச் சிரிக்க வைக்க வேண்டும். உங்கள் பக்கத்து ஊரில் பாரதம் வைத்தால் ஓர் இரவு அவசியம் போய் உட்காருங்கள்.