முதல் அபராதமும் முழுக் கணக்கும்

 

வீட்டுப் பிள்ளை குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் போலீசில் பிடிபட்டான் என்ற செய்தி வந்தால், நம் இல்லங்களில் முதலில் நடப்பது என்ன? கதவைச் சாத்துகிறோம்; குரலைத் தாழ்த்துகிறோம். "பத்தாயிரம்தானே, கட்டிவிட்டு வந்துவிடலாம். ஜமாஅத்தார் காதுக்குப் போகவேண்டாம்" என்கிறார் வாப்பா. உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பீரோவைத் திறக்கிறார். பணம் கட்டியாகிறது. விஷயம் முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம்.

உண்மையில் விஷயம் முடிந்ததா? அந்தப் பத்தாயிரம்தான் முழுச் செலவா? அதைக் கொடுத்தவர் யார்? யாருடைய ஹக்கிலிருந்து அது எடுக்கப்பட்டது? இவற்றைச் சற்று நிதானமாகக் கணக்குப் பார்ப்பதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

கணக்குப் பார்ப்பது மார்க்கத்திற்குப் புறம்பான காரியமல்ல. மது முற்றாகத் தடுக்கப்படுவதற்கு முன்னரே, அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனத்தில், அதில் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதை மறுக்காமல், அதன் பாவமே பயனைவிடப் பெரிது என்று அல்லாஹ் எடைபோட்டுக் காட்டினான். பின்னர் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91 வசனங்களில் அது அடியோடு விலக்கப்பட்டது. எனவே தராசைக் கையில் எடுப்போம்.

சட்டம் சொல்வது என்ன?

நம் நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் 185-ஆம் பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவது குற்றம். தொடக்கத்தில் முதல் குற்றத்திற்கு அபராதம் 2,000 ரூபாய் வரைதான் இருந்தது. 2019-ஆம் ஆண்டின் திருத்தம் அதை 10,000 ரூபாய் ஆக்கியது. அத்துடன், அல்லது அதற்குப் பதிலாக, ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையும் விதிக்கலாம். மறுமுறை பிடிபட்டால் அபராதம் 15,000 ரூபாய். சிறை இரண்டு ஆண்டு வரை. தமிழ்நாட்டில் புதிய அபராத விகிதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

"கருவியில் ஊத மறுத்துவிட்டால் தப்பலாம்" என்று சிலர் இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது தவறு. தக்க காரணமின்றி மறுப்பதையே வழக்குக்கு வலுச்சேர்க்கும் சான்றாகக் கொள்ளச் சட்டம் இடந்தருகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். சட்டம் 30 மில்லிகிராமில் கோடு போடுகிறது. ஷரீஅத் அப்படிப் போடவில்லை. அதிகமானால் போதை தரும் பொருளில் கொஞ்சமும் ஹராமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியுள்ளார்கள். ஆகவே, "அளவுக்குள்தானே குடித்தேன்" என்ற பேச்சு கோர்ட்டில் செல்லலாம், அல்லாஹ்விடம் செல்லாது.

ஒரு வீட்டின் கணக்கு

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். இருபத்தைந்து வயது வாலிபர், மணமானவர், ஒரு குழந்தை இருக்கிறது. பிறருடைய சரக்கு வண்டியை நாள் கூலிக்கு ஓட்டுகிறார். கூலி 800 ரூபாய் என்றும், மாதம் 25 நாள் வேலை என்றும் வைத்துக்கொள்வோம். நண்பர்களோடு போன இடத்தில் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது பிடிபடுகிறார். இதுதான் முதல் தடவை.

முதலாவது, அபராதம் 10,000 ரூபாய்.

இரண்டாவது, அலைச்சல். வண்டி போலீஸ் நிலையத்தில் நிற்கும். அதை மீட்கவும், கோர்ட்டுக்குப் போகவும் மூன்று நாள் வேலை கெட்டால் 2,400 ரூபாய் போய்விட்டது. வக்கீல் வைத்தால் அவருடைய ஃபீஸ் தனி.

மூன்றாவதுதான் பெரியது. லைசென்ஸைப் போலீசார் கைப்பற்றி, உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். அவர் விசாரித்து, முதல் குற்றத்திற்கு மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தி வைக்கலாம். மறுமுறையானால் ரத்தே செய்யலாம். பிடிபட்டது மோட்டார் சைக்கிளில்தான். ஆனால் சரக்கு வண்டி ஓட்டும் உரிமமும் அதே அட்டையில்தானே இருக்கிறது? அதுவும் சேர்ந்து நின்றுபோக நேரலாம். மூன்று மாதக் கூலி 60,000 ரூபாய்.

கூட்டிப் பாருங்கள். 72,400 ரூபாய்! வீட்டார் "பத்தாயிரம்தானே" என்று சொன்னது இதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. மூன்று மாதம் கழித்து முதலாளி அதே வேலையைத் திருப்பிக் கொடுப்பாரா என்பது வேறு கேள்வி. குடித்து ஓட்டியவர் என்று தெரிந்தபின் தம் வண்டிச் சாவியை யார் மனமுவந்து கொடுப்பார்?

இதுவும் யார் மீதும் மோதாமல் வீடு திரும்பிய கணக்குதான். மோதியிருந்தால்? குடித்து ஓட்டியபோது சொந்த வண்டிக்கு ஏற்பட்ட சேதத்திற்குப் பணம் தரமாட்டோம் என்பது இன்ஷூரன்ஸ் பாலிசியிலேயே உள்ள நிபந்தனை. பிறருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனி அவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தாலும், அந்தத் தொகையை வண்டிக்காரரிடமிருந்தே திரும்ப வசூலிக்கும்படி தீர்ப்பு வரக்கூடும். ஓர் உயிர் போயிருந்தால் சிறைவாசம் ஆண்டுக்கணக்கில் நீளும். அதற்கு எந்தத் தொகையை எழுதுவது?

உடன் சென்றவர்

"நான் ஓட்டவில்லை, பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன்" என்பவரும் கவனிக்கவேண்டும். இக்குற்றத்திற்கு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை உண்டு என்கிறது 188-ஆம் பிரிவு. வண்டியில் உடன் வருபவர்மீதும் இப்பிரிவின்படி நடவடிக்கை எடுப்போம் என்று சென்னைப் போக்குவரத்துப் போலீசார் 2022 அக்டோபரில் அறிவித்தார்கள்.

இதைக் கேட்டுச் சிலர் வியந்தார்கள். நமக்கு இதில் வியப்பில்லை. மது விஷயத்தில் பத்துப் பேர் சபிக்கப்பட்டவர்கள் என்று திர்மிதி, இப்னுமாஜா நூல்களில் ஹதீஸ் வந்திருக்கிறது. அதில் குடிப்பவர் ஒருவர்தான். பிழிபவர், சுமப்பவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், வாங்குபவர் என்று மற்றவர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். குற்றத்திற்குத் துணைநிற்பதும் குற்றமே என்பது நமக்குப் பழைய பாடம்.

கடல் கடந்த பிள்ளைகளுக்கு

பொருள் தேடி வெளிநாடு சென்றுள்ள நம் பிள்ளைகளும் இதை அறிந்திருக்கவேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2025 மார்ச் 29 முதல் நடப்பிலுள்ள போக்குவரத்துச் சட்டப்படி, குடித்து ஓட்டினால் 20,000 திர்ஹம் முதல் 1,00,000 திர்ஹம் வரை அபராதமோ, சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். சிங்கப்பூரில் முதல் குற்றத்திற்கு 2,000 வெள்ளி முதல் 10,000 வெள்ளி வரை அபராதம். ஓராண்டு வரை சிறையும் வரலாம். குறைந்தது இரண்டு ஆண்டுகள் வண்டி ஓட்டத் தடை. மலேசியாவில் 2020-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப்பின் முதல் குற்றத்திற்கே 10,000 ரிங்கிட் முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமும், இரண்டு ஆண்டு வரை சிறையும். ஊரில் வீடு கட்டவும், தங்கையின் நிக்காஹுக்கும் சேர்த்த பணம் ஓர் இரவில் கரைந்துபோக இது போதாதா?

யாருடைய பணம்?

இப்பொழுது அந்தப் பீரோவுக்கு வருவோம். அதிலிருந்து எடுக்கப்படுவது பெரும்பாலும் மனைவியின் நகை. மனைவியின் மஹரும், அவளுக்கே உரிமையாக்கப்பட்ட நகையும் அவளுடைய சொத்து. அவள் மனமொப்பிக் கொடுத்தாலன்றிக் கணவனுக்கு அதில் உரிமையில்லை. மாமியாரும் கணவனும் சூழ்ந்து நின்று, அவள் அழுதுகொண்டே வளையலைக் கழற்றிக் கொடுப்பதற்கு மனமொப்புதல் என்று பெயரா? சிந்தியுங்கள்.

அந்த நகையை அடகுக்கடையில் வைத்து வட்டிக்குப் பணம் வாங்கினால், ஒரு ஹராமின் கடனை இன்னொரு ஹராமால் அடைக்கிறோம். கேஸ் எழுதாமல் விடச் சொல்லி யாருக்கேனும் இலஞ்சம் கொடுத்தால், அது மூன்றாவது பாவம். ஒரு கோப்பையிலிருந்து எத்தனை கிளைகள் பிரிகின்றன பாருங்கள்!

"ஜகாத் பணத்திலிருந்து உதவலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பாவமான காரியத்தால் கடனாளியானவர் உண்மையாகத் தவ்பா செய்திருந்தால்தான் கடனாளிகளின் பங்கிலிருந்து அவருக்குக் கொடுக்கலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. ஆகவே தாமாக முடிவு செய்யாமல், நிலைமையை முழுதும் எடுத்துச் சொல்லி, உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடங்கள்.

பிடிபட்டவர் செய்யவேண்டியது

கோர்ட்டுக்குக் கட்டிய அபராதம் தவ்பா ஆகிவிடாது. ரசீது அரசாங்கத்தின் கணக்கைத்தான் தீர்க்கும். பாவத்தை அக்கணமே விடுவது, செய்ததற்காக உள்ளம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்வது, பிறர் ஹக்கு இருந்தால் திருப்பிக் கொடுப்பது ஆகியவை சேர்ந்ததே தவ்பா. ஆகவே மனைவியிடம் வாங்கியதையும், வாப்பாவிடம் வாங்கியதையும் தேதியிட்டு எழுதிவைத்து, உழைத்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும். லைசென்ஸ் இல்லாத மாதங்களில் சுமை தூக்கியாவது ஹலாலான கூலி தேடுவது இழிவல்ல. அந்தக் கோப்பைக்கு அழைத்துச் சென்ற நட்பையும் விட்டுவிடவேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் மானத்தைக் காப்பது நல்லதுதான். ஊரறிய அவனை இழிவுபடுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு மறைப்பது வேறு. வீட்டுக்குள்ளும் பேசாமல் விடுவது வேறு. அபராதத்தை நாமே கட்டிவிட்டு மௌனமாக இருந்தால், இரண்டாம் முறைக்கு நாமே வழிதிறந்து விடுகிறோம். மேலே கண்ட கணக்கைப் போல ஒரு தாளில் எழுதி, அவனையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அடிப்பதைவிட அது ஆழமாகப் பதியும். இன்னும் தவறாத பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் செய்யுங்கள்.

இவ்வுலகக் கணக்கில் முதல் குற்றம், இரண்டாம் குற்றம் என்ற பிரிவுகள் உண்டு. முதல் தடவையே ஓர் உயிர் போய்விட்டால், இரண்டாம் தடவை என்ற பேச்சுக்கே இடமில்லை.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கால்களை அந்த வாசலிலிருந்து திருப்புவானாக! தவறியவர்களுக்கு உண்மையான தவ்பாவையும், அவர்கள் வீட்டாருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.