கணக்கு முடிந்த நாள்

கொல்கத்தாவில் ஒரு டீக்கடை. அதை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

நகரத்தின் தெற்கே, ஜாதவ்பூர் பக்கம். மண் குவளையில் டீ. ஆவி பறக்கிறது. பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய பேத்தி. தோளில் பள்ளிக்கூடப் பை.

அது 2025-ஆம் ஆண்டு மார்ச் 3. திங்கட்கிழமை.

பெரியவர் பத்திரிகையைக் கையில் எடுக்கிறார். முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. நேரே விளையாட்டுப் பக்கத்துக்குப் போகிறார். அங்கே ஒரு சிறு கட்டம். அதில் 13 பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சில எண்கள். அதற்குப் புள்ளிப் பட்டியல் என்று பெயர்.

அவருடைய விரல் மேலிருந்து கீழே நகர்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று... விரல் நிற்கவில்லை. இன்னும் இறங்குகிறது.

"தாது, இன்னும் ஒரு ஆட்டம் இருக்கே?" என்று பேத்தி கேட்கிறாள். தாது என்றால் வங்காளி மொழியில் தாத்தா.

"இருக்கு."

"அதுல ஜெயிச்சா?"

"31."

"ஆறாவது இடத்துல இருக்கிறவங்களுக்கு?"

"அவங்க 31-ஐத் தாண்டிட்டாங்கம்மா."

அவ்வளவுதான். பத்திரிகை மடிக்கப்படுகிறது. டீ ஆறிப்போகிறது.

அந்தக் கடையிலும் பெரியவரிடமும் கற்பனை உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் கற்பனை இல்லை. அன்று காலை கொல்கத்தாவில் எத்தனையோ பேர் அந்தக் கணக்கைப் போட்டார்கள். அவர்கள் எல்லாரும் ஈஸ்ட் பெங்கால் என்ற கால்பந்து அணியின் ரசிகர்கள்.

யார் இந்த ஈஸ்ட் பெங்கால்?

ஈஸ்ட் பெங்கால் என்றால் கிழக்கு வங்காளம். இப்போது அது வங்காளதேசம் என்ற தனி நாடு. ஆனால் இந்த கிளப் இருப்பது கொல்கத்தாவில்! இது எப்படி?

1920-ஆம் ஆண்டு. கொல்கத்தாவில் ஒரு கால்பந்து ஆட்டம். மோகன் பகான் என்ற பெரிய அணிக்கு எதிராக ஜோராபகான் என்ற அணி ஆடியது. அதில் கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்த நல்ல ஆட்டக்காரர் ஒருவரைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அந்தக் கிளப்பின் பொறுப்பில் இருந்த சுரேஷ் சந்திர சௌத்ரிக்கு இது பொறுக்கவில்லை. வெளியே வந்தார். வேறு சிலரோடு சேர்ந்து புதிய கிளப் தொடங்கினார். 1920 ஆகஸ்ட் 1-இல் ஈஸ்ட் பெங்கால் கிளப் பிறந்தது.

பிறகு 1947 வந்தது. நாடு பிரிந்தது. கிழக்கு வங்காளம் பாகிஸ்தானோடு போயிற்று. லட்சக்கணக்கான மக்கள் வீடு, நிலம், குளம், தோப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கொல்கத்தாவுக்கு வந்தார்கள். ரயில் நிலையத்தில் படுத்தார்கள். நகரத்தின் ஓரங்களில் குடிசை போட்டார்கள். ஜாதவ்பூர் பக்கத்தில் இருக்கும் பல குடியிருப்புகள் அப்படி வந்தவைதான்.

அவர்களுடைய சொந்த ஊர் வேறு நாடாகிவிட்டது. ஆனால் அந்த ஊரின் பெயரோடு ஒரு அணி மட்டும் அவர்கள் கண்முன்னே ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பும் பொன்நிறமும் கலந்த சட்டை போட்டு ஓடியது. அது கோல் போட்டால் இவர்களுக்குத் தலை நிமிர்ந்தது. ஒரு அணி தோற்றதற்கு வயதானவர் ஏன் இப்படி வாடிப்போகிறார் என்று கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு செய்தி. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த அணியின் முன்வரிசையில் ஐந்து பேர் ஆடினார்கள். ரசிகர்கள் அவர்களைப் பஞ்சபாண்டவர் என்றார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் நம் தென்னாட்டுக்காரர்கள்! வங்காளத்து அகதிகளின் கண்ணீரைத் தெற்கிலிருந்து போன கால்கள் துடைத்தன.

கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலுக்குப் பெரிய போட்டி மோகன் பகான்தான். அது 1889-இல் தொடங்கிய கிளப். 1911-இல் வெள்ளைக்காரப் பட்டாள அணியைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கிய கிளப். இந்த இரண்டு அணிகளும் மோதினால் வீட்டுச் சமையல்கூட மாறும். ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன். மோகன் பகான் வென்றால் இறால். வெற்றி பெற்ற பக்கத்தார் வாங்கும் மீனுக்கு அன்று சந்தையில் கிராக்கி.

ஆறு ஆட்டம், ஆறு தோல்வி

இந்தியாவில் கால்பந்துக்கு ஐ.எஸ்.எல். என்ற பெரிய போட்டி நடக்கிறது. 2024-25 சீசனில் அதில் 13 அணிகள் இருந்தன. ஒவ்வொரு அணியும் மற்ற 12 அணிகளோடு இரண்டு முறை ஆட வேண்டும். ஆகவே ஓர் அணிக்கு 24 ஆட்டங்கள்.

வென்றால் 3 புள்ளி. டிரா ஆனால், அதாவது யாருக்கும் வெற்றி இல்லை என்றால், ஆளுக்கு 1 புள்ளி. தோற்றால் ஒன்றும் இல்லை. 24 ஆட்டம் முடிந்ததும் முதல் ஆறு இடங்களில் இருப்பவர்கள் கோப்பைக்கான அடுத்த சுற்றுக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு அத்தோடு சரி.

ஈஸ்ட் பெங்கால் 2020-இல்தான் ஐ.எஸ்.எல்.-இல் சேர்ந்தது. முதல் ஆண்டு ஒன்பதாவது இடம். அடுத்த ஆண்டு 11 அணிகளில் பதினொன்றாவது. 20 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி! அதற்கு அடுத்த இரண்டு ஆண்டும் மறுபடி ஒன்பது, ஒன்பது.

ஆனால் 2024-25 சீசன் தொடங்கும்போது நம்பிக்கை இருந்தது. காரணம் இருந்தது. 2024 ஜனவரி 28-இல் புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்தது. ஒடிசா அணியை 3-2 என்று வென்று ஈஸ்ட் பெங்கால் கோப்பையைத் தூக்கியது. நாடு தழுவிய கோப்பை ஒன்று வீட்டுக்கு வந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. இனி நல்ல காலம்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

செப்டம்பரில் ஐ.எஸ்.எல். தொடங்கியது. முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவது தோல்வி. மூன்றாவதும் தோல்வி. கோப்பை வாங்கித் தந்த அதே ஸ்பெயின் நாட்டுப் பயிற்சியாளர் கார்லஸ் குவாட்ராட் பதவியை விட்டு விலகினார். நான்காவது தோல்வி. ஐந்தாவது மோகன் பகானோடு. அதிலும் தோல்வி. ஆறாவதும் போயிற்று.

ஆறு ஆட்டம். புள்ளி பூஜ்யம்.

ஏழாவது ஆட்டம் கொல்கத்தாவின் இன்னொரு பழைய அணியான முகமதன் ஸ்போர்ட்டிங்கோடு. அரை மணி நேரத்துக்குள் ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார்கள். அவர்களில் ஒருவர் நம் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். முந்தைய ஆண்டு மோகன் பகானுக்கு எதிராக வெற்றி கோல் போட்டு, கொல்கத்தா தெருக்களில் கொண்டாடப்பட்டவர் அவர். மீதி ஒன்பது பேர் மட்டும் நின்று ஆடினார்கள். கோல் விடவில்லை. 0-0. சீசனின் முதல் புள்ளி அப்படித்தான் வந்தது. அந்த ஒரு புள்ளிக்கு மைதானமே எழுந்து கைதட்டியது என்றால் ரசிகனின் பசியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செத்துப் பிழைத்த ஆசை

நவம்பர் கடைசியில் முதல் வெற்றி வந்தது. டிசம்பரில் சென்னையில் வந்து சென்னை அணியை 2-0 என்று வென்றார்கள். பஞ்சாப் அணியோடு முதலில் இரண்டு கோல் வாங்கிவிட்டு, பிறகு நான்கு கோல் போட்டு வென்றார்கள். ஜனவரியில் மறுபடி சரிவு. பிப்ரவரி 8-இல் கொல்கத்தாவிலேயே சென்னை அணியிடம் 0-3 என்று தோற்றார்கள். 19 ஆட்டம் முடிந்தது. 18 புள்ளிதான்.

அன்றே பலர் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் ஒரு நிம்மதி இருக்கும். ஆனால் இந்த அணி அந்த நிம்மதியையும் தரவில்லை! அடுத்து வரிசையாக மூன்று வெற்றி. முகமதன் மேல் ஒன்று, பஞ்சாப் மேல் ஒன்று, ஹைதராபாத் மேல் ஒன்று. 18-உம் 9-உம் 27.

மறுபடி பென்சிலும் காகிதமும் வெளியே வந்தன. இன்னும் இரண்டு ஆட்டம். இரண்டையும் வென்றால் 33. மேலே இருப்பவர்கள் தோற்க வேண்டும். அவர்கள் தோற்பார்களா? அந்த அணி இந்த அணியிடம் தோற்றால், இந்த அணி அதனிடம் டிரா செய்தால்... ரசிகர்கள் இரவெல்லாம் கூட்டிக் கழித்தார்கள். மெல்லிய நூல் அளவுக்குத்தான் வழி இருந்தது. ஆனாலும் நூல் இருந்தது.

மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை. கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானம். எதிரே பெங்களூரு அணி. தொடக்கத்திலேயே ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் போட்டது. பிறகு அதன் முன்வரிசை ஆட்டக்காரர் டயமன்டாகோஸ் சிவப்பு அட்டை வாங்கினார். அவர் கிரேக்க நாட்டுக்காரர். மீதிப் பத்துப் பேர் அந்த ஒரு கோலைக் காத்துக்கொண்டு ஓடினார்கள். நேரம் முடியப்போகிறது. ரசிகர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

அப்போது பெங்களூருக்குப் பெனால்டி கிடைத்தது. பந்தை உதைக்க வந்தவர் சுனில் சேத்ரி. இந்தியாவுக்காக மிக அதிக கோல் போட்டவர். அவர் தவறவிடவில்லை. 1-1.

27-உம் 1-உம் 28. நூல் அறுந்தது.

மைதானத்தில் உடனே யாரும் எழுந்து போகவில்லை. இது தோல்வி கூட இல்லை, டிராதான். அதனால் மனம் புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆயிற்று. கடைசி ஆட்டம் நடக்கும், அணி வரும், பந்து உருளும். ஆனால் அதற்கு இனி அர்த்தம் இல்லை. ஒரு சீசன் கடைசி ஆட்டத்தன்று முடிவதில்லை. கணக்கு மூடும் நாளில் முடிகிறது.

அடுத்த பத்து நாளில் மீதியும் நடந்தது. ஆசிய அளவிலான ஒரு போட்டியில் துர்க்மேனிஸ்தான் அணியிடம் இரண்டு ஆட்டமும் தோல்வி. நடுவில் ஷில்லாங்கில் கடைசி ஐ.எஸ்.எல். ஆட்டம். 0-4. மொத்தம் 24 ஆட்டம். எட்டு வெற்றி, நான்கு டிரா, பன்னிரண்டு தோல்வி. நீங்களே பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், 28 வருகிறதா? இடம், வழக்கம்போல ஒன்பது.

பக்கத்துத் தெருவில் மோகன் பகான்காரர்கள் வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு 56 புள்ளி, முதலிடம். ஏப்ரலில் கோப்பையும் அவர்களுக்கே. சொந்தத் துக்கத்தைக்கூடத் தாங்கலாம். அடுத்த வீட்டு இறால் வாசனையைத் தாங்குவது கஷ்டம்.

கோபம் எங்கே போகும்?

கால்பந்துக் கோபம் கொல்கத்தாவில் உயிரைக் குடித்ததும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16. ஈடன் தோட்ட மைதானத்தில் இந்த இரண்டு அணிகளும் ஆடின. களத்தில் ஆட்டக்காரர்கள் மோதிக்கொண்டார்கள். உடனே மேலே ரசிகர்கள் மோதிக்கொண்டார்கள். கல் பறந்தது. கூட்டம் வாசலை நோக்கி ஓடியது. மிதிபட்டும் நசுங்கியும் 16 பேர் செத்தார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் கொல்கத்தாவில் ரத்த தானம் செய்கிறார்கள். இரண்டு அணிகளின் ரசிகர்களும் வருகிறார்கள்.

2025-இல் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கேள்விகள்தான் இருந்தன. நல்ல ஆட்டக்காரர்களை ஏன் முன்கூட்டியே சேர்ப்பதில்லை? ஒரு பயிற்சியாளருக்கு ஏன் காலம் தருவதில்லை? இதைக் கேட்பது ரசிகனின் உரிமைதான். டிக்கெட் வாங்கியவன் அவன். பஸ் ஏறி வந்தவன் அவன்.

அந்த ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது. ஈஸ்ட் பெங்கால் பெண்கள் அணி இந்தியப் பெண்கள் லீக்கில் முதலிடம் பிடித்தது. ஆண்கள் 2004-க்குப் பிறகு எட்டிப் பிடிக்காத தேசிய லீக் பட்டத்தைப் பெண்கள் கொண்டுவந்தார்கள். நம் பெரியவர் பெண்கள் ஆட்டத்தை அதுவரை பார்த்ததில்லை. பேத்திதான் பத்திரிகையை அவர் முன்னால் விரித்து வைத்தாள். "தாது, இந்தக் கட்டத்துல மேல பாரு" என்றாள்.

மழைக்காலம் வந்தது. ஆகஸ்ட் 17. டூரண்ட் கோப்பையின் காலிறுதி. எதிரே மோகன் பகான். மார்ச்சில் சிவப்பு அட்டை வாங்கிய அதே டயமன்டாகோஸ் இரண்டு கோல் போட்டார். 2-1, ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றி! பெரியவர் வீட்டில் அன்று இலிஷ் மீன். விலையைக் கேட்காமலே வாங்கினார்.

மூன்றாம் நாள் அரையிறுதி. தொடங்கி மூன்றே ஆண்டான டயமண்ட் ஹார்பர் என்ற அணியிடம் 1-2 என்று தோற்றுப் போனார்கள்.

மறுநாள் காலை பெரியவர் டீக்கடைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார். பேத்தி கேட்டாள்.

"தாது, அடுத்த ஐ.எஸ்.எல். எப்போ?"

"தெரியல. பத்திரிகையை எடு, பார்ப்போம்."