கைமாத்து கேட்கும் பணக்காரர்கள்

பலகை விளையாட்டுப் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால், ஆட்டம் முடிந்த பிறகு கட்டாயம் ஒரு சண்டை வரும். பல வருஷமாகத் தொழிலில் இருக்கிற, பேரும் கிடங்கும் விநியோகஸ்தரும் உள்ள ஒரு நிறுவனம், புது விளையாட்டைக் கொண்டுவர நம்மிடம் முன்பணம் வசூலிக்கலாமா? 2009இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளம் தொடங்கியதற்குச் சில ஆண்டுகளிலேயே கிளம்பிய சண்டை இது. இரண்டு கட்சிக்காரர்களும் அடித்துச் சொல்வதில் பாதி, காதில் விழுந்ததை அப்படியே நம்பியது.

நம்பிக்கை: கூட்டுநிதி கையில் காசில்லாதவருக்கு. பணக்காரர் கேட்டால் அது பேராசை.

உண்மை: ஆளைச் சேர்த்துக்கொண்டு அச்சுக்குப் போவது இணையம் கண்டுபிடித்த வித்தை அல்ல. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உ.வே.சாமிநாதையர் வாங்குவோரிடம் முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தார். நம் பதிப்பகங்களின் முன்வெளியீட்டுத் திட்டமும் அதே வழிதான். அதில் பணம் எவ்வளவு முக்கியமோ, தலையெண்ணிக்கையும் அவ்வளவு முக்கியம்.

பலகை விளையாட்டில் இந்த எண்ணிக்கை கழுத்தைப் பிடிக்கும் விஷயம். பிளாஸ்டிக் உருவங்களுக்கு அச்சு வார்க்கிற செலவு, ஆயிரம் பெட்டிக்கும் ஒன்றுதான், இருபதாயிரத்துக்கும் ஒன்றுதான். அதிகமாக அடித்தால் கிடங்கில் தூங்கும். குறைத்து அடித்தால் ஒரு பெட்டியின் அடக்கவிலை எகிறும்.

ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 1980 முதல் இருக்கும் அமெரிக்க நிறுவனம். ‘மஞ்ச்கின்’ என்ற சீட்டு விளையாட்டு அதற்குச் சோறு போடுகிறது. 1977இல் சட்டைப்பைக்குள் அடங்குகிற அளவில் வந்த ‘ஓகர்’ விளையாட்டை ஒரு ராட்சதப் பெட்டியாக்க 2012இல் கிக்ஸ்டார்ட்டருக்குப் போனார்கள். 9 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. வந்துசேர்ந்த பெட்டி 12 கிலோவுக்கு மேல். எந்தக் கடைக்காரர் அதை நம்பி அலமாரியில் இடம் ஒதுக்குவார்? எத்தனை பேர் வாங்குவார்கள் என்று முன்கூட்டிக் கேட்டதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

ஆனால் இதே நியாயத்தை எல்லாருக்கும் நீட்ட முடியாது. ‘ஹீரோக்வெஸ்ட்’ 1989இல் வந்து நன்றாக விற்ற விளையாட்டு. 2020இல் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ அதை மறுபடி கொண்டுவர, தன் சொந்தத் தளமான ஹாஸ்லேப் வழியாக, 10 லட்சம் டாலர் இலக்கு வைத்து, ரசிகர்களிடம் முன்பணம் கேட்டது. சுமார் 37 லட்சம் சேர்ந்தது. அந்த ஒரே ஆண்டில் ஹாஸ்ப்ரோவின் வருவாய் 500 கோடி டாலருக்கு மேல். அடுத்த வருஷமே அதன் எளிய பதிப்பு கடைகளுக்கும் வந்துவிட்டது. கடைக்கு வரக்கூடிய சரக்கு என்று அவர்களுக்கே தெரிந்திருக்க, ஆள் எண்ண வேண்டிய அவசியம் என்ன? இதைத்தான் நான் கைமாத்து என்கிறேன். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, திருப்பித் தரும் தேதியும் ஏறக்குறையத்தான்.

நம்பிக்கை: பக்கத்தில் போட்டிருக்கும் இலக்குத் தொகைதான் செலவு.

உண்மை: ‘ஓகர்’ கேட்டது 20,000 டாலர். அந்தப் பெட்டியை அந்தக் காசில் அடித்துவிட முடியாது. இலக்கை எட்டினால்தான் கிக்ஸ்டார்ட்டரில் பணம் கைக்கு வரும். அதனால் குறைவாக வைப்பது வழக்கமாகிவிட்டது. “மூன்றே நிமிடத்தில் இலக்கு எட்டியது” என்று விளம்பரமும் செய்துகொள்ளலாம். புதியவர் இப்படிச் செய்தால் அறியாமை என்று விடலாம். கணக்கு தெரிந்த நிறுவனம் செய்தால் அது வியாபாரத் தந்திரம்.

நம்பிக்கை: பெரிய நிறுவனம் என்றால் பணம் பத்திரம்.

உண்மை: முதலில் இதற்குச் சாதகமான கதை. 2012இல் ‘தி டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி’ என்ற விளையாட்டுக்காகப் புதியவர் ஒருவர் 1.22 லட்சம் டாலர் திரட்டினார். மறு வருஷம் கையை விரித்தார். வீட்டு வாடகை உட்பட சொந்தச் செலவுக்கும் அந்தப் பணம் போனதாக 2015இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. கூட்டுநிதி தொடர்பாக அந்த ஆணையம் எடுத்த முதல் வழக்கு அது. நடுவில் கிரிப்டோசோயிக் என்ற நிறுவனம் வந்து விளையாட்டை வெளியிட்டு, ஏமாந்தவர்களுக்கும் பெட்டி கொடுத்தது. அவர்களிடம் ஒரு காசு வாங்கியிராத நிறுவனம்!

இனி மறுபக்கம். ‘ஸாம்பிசைட்’ மூலம் 2012இல் 7.8 லட்சம் டாலர் திரட்டிய சிமோன் நிறுவனம், அதே பாதையில் ஓடி ஹாங்காங் பங்குச் சந்தை வரை போனது. வருஷத்துக்குச் சில திட்டங்கள், ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கில் வசூல். 2025 மார்ச்சில், புது விளையாட்டு உருவாக்குவதையும் கூட்டுநிதித் திட்டங்களையும் நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அந்த ஆண்டிலேயே ‘ஸாம்பிசைட்’ அஸ்மோடி நிறுவனத்தின் கைக்குப் போனது. மிதிக் கேம்ஸ் 2020இல் ‘டார்க்கெஸ்ட் டன்ஜன்’ விளையாட்டுக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் வாங்கியது. பிறகு மீதிப் பெட்டிகளை அனுப்ப, ஏற்கெனவே கட்டியவர்களிடமே இன்னும் பணம் கேட்டது. இரண்டுமே அனுபவசாலி நிறுவனங்கள்.

சீட்டுக் கம்பெனி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வரிசையாகத் திட்டம் நடத்துகிற இடத்தில், இன்று வருகிற பணம் நேற்றைய பெட்டியின் செலவுக்குப் போகத் தொடங்கினால், புதுச் சீட்டு பிடிக்கும்வரை எல்லாம் நன்றாக இருக்கும். 2021இல் கப்பல் கன்டெய்னர் கட்டணம் பல மடங்கு ஏறியபோது பல நிறுவனங்கள் தடுமாறின. 2025 ஏப்ரலில் சீனச் சரக்குக்கு அமெரிக்கா விதித்த வரி 145 சதவீதம் வரை போனது. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை சீனத் தொழிற்சாலையில்தான் தயாராகின்றன. விலை பேசிப் பணம் வாங்கியது பழைய கட்டணத்தில், சரக்கு அனுப்ப வேண்டியது புதுக் கட்டணத்தில். துண்டு விழுவதை யார் தாங்குவது? பெரிய நிறுவனத்தின் பெயர் இதற்குப் பதில் சொல்லாது; அதன் கையிருப்புதான் சொல்லும்.

நம்பிக்கை: முன்பே கட்டுகிறவருக்கு மலிவு.

உண்மை: தொழிலில் ஒரு வாய்ப்பாடு உண்டு. கடையில் 50 டாலர் விலையுள்ள பெட்டியின் தயாரிப்புச் செலவு ஏறக்குறைய 10. விநியோகஸ்தர் 20க்கு வாங்கி, கடைக்காரருக்கு 25க்கோ சற்றுக் கூடவோ கொடுப்பார். நேராக நம்மிடம் விற்றால் நடுவில் யாரும் இல்லை. கிக்ஸ்டார்ட்டரின் 5 சதவீதமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் மட்டுமே. மிச்சமாகிற பெருந்தொகையில் நமக்கு வருவது பெரும்பாலும் தள்ளுபடி அல்ல, கூடுதலாக நாலு பிளாஸ்டிக் பூதங்கள். அஞ்சல் செலவும் சுங்கமும் நம் தலையில். நான் பணம் கட்டிய ஒரு பெட்டி, சொன்ன தேதிக்கு ஒன்றரை வருஷம் கழித்து வந்தது. அதற்குள் கூட விளையாட இருந்த நண்பன் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டான். (பூதங்கள் அழகுதான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.)

நம்பிக்கை: பெரியவர்கள் வந்தால் சின்னவர் சோற்றில் மண்.

உண்மை: பெரிய பெயரைத் தேடி வந்தவர்கள் பக்கத்துத் திட்டத்தையும் எட்டிப் பார்க்கிறார்கள் என்பது கிக்ஸ்டார்ட்டர் தரப்பு வாதம். கமிஷன் வாங்குகிறவர் வேறென்ன சொல்வார்? ஆனாலும் முழுப் பொய்யில்லை. 2015இல் 4 லட்சம் டாலருக்குள் திரட்டிய ‘க்ளூம்ஹேவன்’ சின்னதாகத்தான் தொடங்கியது. அதன் தொடர்ச்சியான ‘ஃப்ராஸ்ட்ஹேவன்’ 2020இல் 83,000 பேரிடம் ஏறக்குறைய 1.3 கோடி டாலர் திரட்டியது. இவற்றை வெளியிட்டவரை இப்போது சின்னவர் பட்டியலில் வைப்பதா, பெரியவர் பட்டியலிலா?

நம்பிக்கை: இந்தக் காலத்தில் கூட்டுநிதி இல்லாமல் புது விளையாட்டு கொண்டுவர முடியாது.

உண்மை: ஸ்டோன்மையர் கேம்ஸ் கிக்ஸ்டார்ட்டரால் வளர்ந்த நிறுவனம். 2015இல் ‘ஸைத்’ விளையாட்டுக்கு 18 லட்சம் டாலர் திரட்டிய கையோடு அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டது. 2019இல் சொந்தப் பணத்தில் வெளியிட்ட ‘விங்ஸ்பேன்’ ஜெர்மனியின் கென்னர்ஷ்பீல் விருதை வாங்கியது. ஆனால் தேவையைக் குறைத்துக் கணக்கிட்டுவிட்டார்கள். மாதக்கணக்கில் தட்டுப்பாடு, ரசிகர்களின் வசவு, நிறுவனர் ஜேமி ஸ்டெக்மையரின் வருத்தம். கணக்குத் தப்பியது அவர்களுக்கு, வலியும் பெரும்பாலும் அவர்களுக்கே.

ஜிஎம்டி கேம்ஸ் கிக்ஸ்டார்ட்டருக்கு முன்பிருந்தே பி500 என்றொரு முறை வைத்திருக்கிறது. 500 பேர் பெயர் கொடுத்தால் விளையாட்டு அச்சு வரிசைக்குப் போகும். சரக்கு கிளம்பப் போகிற நேரம் வரை நம் கடன் அட்டையில் கை வைக்க மாட்டார்கள். நிலைபெற்ற நிறுவனம் ஆள் எண்ண விரும்பினால் இப்படி எண்ணட்டும் என்பது என் கட்சி.

ஹாஸ்லேபைத் திட்டினேன், அதற்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது. 2019இல் 575 டாலர் விலையில் ‘யூனிக்ரான்’ பொம்மைக்கு 8,000 பேர் தேவைப்பட்டார்கள். கெடுவை நீட்டித்த பிறகே சேர்ந்தார்கள். 2021இல் ஸ்டார் வார்ஸ் ‘ரேன்கார்’ பொம்மைக்கு 9,000 பேர் வேண்டும் என்றார்கள். விலை 350 டாலர். அந்த விலைக்கு இது தகாது என்று ரசிகர்கள் முகம் சுளித்தார்கள், ஆள் சேரவில்லை. பொம்மை தயாராகவில்லை, யாருடைய அட்டையிலும் பணம் பிடிக்கவில்லை.