மடிக் கொப்புளமும் கறப்போர் கையும்

கறவைப் பசுக்களின் காம்படியிலும் மடித் தோலிலும் கடுகளவினவான சீழ்க் கொப்புளங்கள் தோன்றுவதுண்டு. குடியானவர்களிற் பலர் இவற்றை அம்மையெனக் கொண்டு, தொழுவத்தில் வேப்பிலை செருகி, மடியைக் கழுவாமலும் மருந்திடாமலும் விட்டுவிடுகின்றனர். மடியில் எழும் கொப்புளமெல்லாம் அம்மையன்று. அம்மைக் கொப்புளம் பெரும்பாலும் காம்பிலேயே எழுந்து, நடுவில் குழிந்து, கறுத்த பொருக்காகும். வாயில் நுரை ஒழுகி, குளம்பிடுக்கும் புண்ணாகி மாடு நொண்டினால் அது கோமாரி. இவ்விரண்டுமின்றி மடித் தோலில் சிறு சீழ்க் கொப்புளங்கள் பரவுமாயின், அது பெரும்பாலும் ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமியின் வேலையே.

ஸ்காட்லாந்து தேசத்து ரண வைத்தியரான அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் 1880-ல் சீழினின்றும் இக்கிருமியைக் கண்டறிந்தார். திராட்சைக் குலைபோல் திரண்டிருப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது.

இந்நோய் ஒரு மாட்டினின்று மற்றொன்றிற்குச் செல்வது காற்றினாலன்று; கறப்பவர் கையினால். பால் நுரையைக் காம்பில் தடவிக் கறப்பதும், ஒரே எண்ணெய்க் கிண்ணத்தில் கைதொட்டு எல்லா மாடுகளையும் கறப்பதும், ஒரே ஈரத் துணியால் எல்லா மடிகளையும் துடைப்பதும் நோயை வளர்ப்பனவாம். கவனியாது விட்டால் கிருமி காம்புத் துவாரத்தின் வழியே உட்புகுந்து மடிநோயாக முற்றும். பால் திரிந்து, காம்பே பயனற்றுப் போதலுங்கூடும்.

கறப்பவரின் கை விரல்களிலும் இக்கொப்புளம் எழலாம். அக்கை வீட்டிலுள்ள குழந்தைகளையும் தொடுகின்றது. குழந்தைகளிடத்தில் இக்கிருமியின் சிலவகை ஒரு நஞ்சை உமிழ்ந்து, மேல்தோலின் அணுக்களைப் பிணைத்திருக்கும் புரதத்தை அறுத்துவிடும். அதனால் எழும் கொப்புளம் மெல்லிய தோலுடன் மஞ்சள் நீர் தேங்கியதாய், துணி உராய்ந்த மாத்திரத்தில் உடையும். இதனை அக்கியென்று எண்ணிக் காவி மண் பூசுவோர் இன்னும் உளர். காவி கிருமியைக் கொல்லாது. வைத்தியரிடம் காட்டும் நாளைத் தாமதப்படுத்துவதே அதன் பலன்.

கொப்புளமுள்ள மாட்டைக் கடைசியில் கறத்தல் வேண்டும். ஒவ்வொரு மாட்டிற்கும் முன்னும் பின்னும் சோப்பிட்டுக் கை கழுவி, தனித்தனித் துணியால் மடியைத் துடைத்து உலர்த்துக. கொப்புளத்தைக் கிள்ளலாகாது. விரலில் புண்ணுள்ளவர் ஆறும்வரை கறவாதிருத்தல் நலம். பாலைத் தாமதமின்றிக் குளிர்விக்கவோ காய்ச்சவோ வேண்டும்; வெப்பத்தில் நெடுநேரம் கிடந்த பாலில் இக்கிருமி விடும் மற்றொரு நஞ்சு, காய்ச்சினாலும் அழியாமல் வாந்தியும் பேதியும் உண்டாக்கும்.

மருந்தைக் கால்நடை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும். பெனிசிலினுக்கு அடங்காத வகைகள் இக்கிருமியில் இன்று மிகுதி. மெதிசிலினுக்கும் அடங்காத வகை 1961-ல் இங்கிலாந்தில் அறிவிக்கப்பெற்றது. மிஞ்சிய களிம்பை அளவின்றித் தடவுவது அத்தகைய கிருமியை வளர்ப்பதேயாகும். மருந்திட்டபின் வைத்தியர் குறித்த நாள்வரை அப்பாலைச் சங்கத்திற்கு ஊற்றலாகாது.

பிறந்து சில நாட்களேயான சிசுவின் தோல் சிவந்து, வெந்நீர் பட்டதுபோல் உரியக் கண்டால், கிராம அலுவலர்கள் அக்குடும்பத்தாரை அன்றே அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தல் வேண்டும்.