இரவல் நிரலும் ஈடான கடமையும்

நுழையும்முன்

விலைக்கு விற்கப்படும் கணினியின் இயங்குதளத்தை ஒரே நிறுவனம் முழுமையாக எழுதியிருக்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால், பலர் பொதுவில் வைத்த உழைப்பும் அதனுள் கலந்திருக்கிறது. அவ்வுழைப்பைப் பெறுவோரின் கடமை யாது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

உரிமங்கள் இருவகை

மென்பொருளை ஆக்கும் கட்டளைத் தொகுப்பே மூலநிரல். அதனை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் இசைவு தருவது திறமூல மென்பொருள். அவ்விசைவுக்கும் வரம்பு உண்டு. அவ்வரம்பை வகுப்பது உரிமம். பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய பிஎஸ்டி உரிமம், எழுதியவரின் பதிப்புரிமைக் குறிப்பை நீக்காமல் காக்குமாறு கோருகிறது. திருத்திய நிரலை வெளியிடுமாறு கட்டாயப்படுத்துவதில்லை. ரிச்சர்டு ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட குனூ பொது உரிமமோ, திருத்திய மென்பொருளைப் பிறர்க்கு வழங்குவோர் அதன் மூலநிரலையும் அதே உரிமத்தின்கீழ்த் தரவேண்டும் என்கிறது.

ஆப்பிள் பெற்றவை

ஆப்பிள் நிறுவனம் 2001இல் வெளியிட்ட மேக் ஓஎஸ் எக்ஸ் இயங்குதளத்தின் அடித்தளம் 'டார்வின்' எனப்படும். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான 'மாக்' கருனியும் பிஎஸ்டி குடும்ப நிரல்களும் அதில் இணைந்துள்ளன. டார்வினின் மூலநிரலை ஆப்பிள் வெளியிட்டது; திரையில் தோன்றும் சாளர அமைப்பின் நிரலையோ தன்னிடமே வைத்துக்கொண்டது.

திருப்பித் தரும் முறை

2003இல் ஆப்பிள் தன் 'சஃபாரி' உலாவியை அறிமுகப்படுத்தியது. அதன் உட்பொறி, கேடிஇ என்னும் திறமூலக் குழுவினர் உருவாக்கிய கேஎச்டிஎம்எல்லிலிருந்து பிறந்தது. அது குனூ உரிமத்தின் தளர்ந்த வடிவத்தின்கீழ் இருந்தமையால், ஆப்பிள் தன் திருத்தங்களை வெளியிட்டது. எனினும், அவை பெருந்தொகுதிகளாக வந்தன. எத்திருத்தம் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அறிய இயலாமல், அவற்றைத் தம் நிரலில் சேர்க்கக் கேடிஇ குழுவினர் இடர்ப்பட்டனர். 2005இல் அதனை வெளிப்படையாகவும் கூறினர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஆப்பிள் 'வெப்கிட்' என்னும் அவ்வுட்பொறியின் நிரல் களஞ்சியத்தைத் திருத்த வரலாற்றோடு அனைவர்க்கும் திறந்துவைத்தது. அதன் பயன் ஆப்பிளோடு நிற்கவில்லை. 2008இல் கூகுள் வெளியிட்ட 'குரோம்' உலாவியும் வெப்கிட்டைக் கொண்டே உருவானது.

உரிமத்தின் சொற்களை நிறைவேற்றுதல் சட்டக் கடமை. பெற்றதைப் பிறர் பயன்கொள்ளும் வடிவில் திருப்பித் தருதல் கூட்டுழைப்பின் அறம். முன்னது மட்டும் இருப்பின் நிரல் வெளிப்படும். பின்னதும் சேர்ந்தால்தான் அது வளரும்.

தெரிந்து தெளிவோம்

கருனி: வன்பொருளையும் மென்பொருளையும் இணைத்து, நினைவகத்தையும் செயலியையும் பங்கிட்டளிக்கும் இயங்குதளத்தின் மையப்பகுதி.

சிந்தனை வினா

திறமூல நிரலைப் பெறும் நிறுவனத்தின் கடமையைத் திருக்குறளின் 'ஒப்புரவறிதல்' அதிகாரக் கருத்தோடு ஒப்பிட்டு எழுதுக.